வேலியில்லாத தேசியப் பூங்கா: மன்னார் வளைகுடாக் கரையில் கற்றுக்கொண்டவை

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஆள் குடியிருப்பு இல்லாத சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. வான், கோசுவாரி, காரியாச்சல்லி என்று தூத்துக்குடிப் பக்கம் தொடங்கும் அந்த வரிசை, நல்லதண்ணி, அப்பா, வாலை, முல்லி, முயல், மனோலி என்று நீண்டு, பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவிலும் சிங்கிள் தீவிலும் முடிகிறது. இவற்றில் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 1986ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இந்தப் பூங்காவுக்கு வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. தீவின் கரை நோக்கிய பக்கத்தில் 3.5 பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழம் வரையிலும், வெளிக்கடல் நோக்கிய பக்கத்தில் 5 பாகம் ஆழம் வரையிலும் பூங்காவின் எல்லை என்று வகுத்திருக்கிறார்கள். பாகக் கணக்கு மீனவர்கள் அன்றாடம் புழங்குவதுதான். ஆனால் வலையை இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் படகு 5 பாகத்துக்கு இப்பால் நிற்கிறதா அப்பால் நிற்கிறதா என்று நிச்சயமாகச் சொல்வது அவர்களுக்கும் எளிதன்று.

ஏர்வாடிக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களில் ஒரு தன்னார்வ அமைப்பின் களப்பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பெண்களின் சேமிப்புக் குழுக்களைத் தொடங்குவது, கிராமச் சூழல் மேம்பாட்டுக் குழுக்களின் கூட்டங்களை நடத்துவது, வனத்துறைக்கும் ஊருக்கும் இடையே பேச்சு முறியாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை என் பணிகளாக இருந்தன. மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பு நடத்திவந்த ஓர் இடத்தைச் சட்டம் திடீரெனக் காப்பிடமாக மாற்றும்போது, அந்த மக்களின் கணக்கு எழுதப்படாதவரை காப்பு என்பது கோப்பில் மட்டுமே இருக்கும் என்பதை அந்த ஆண்டுகளில் நேரில் கண்டேன். 2022ஆம் ஆண்டில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பணியாற்றப் போகும் இளைஞர்களுக்கு எங்கள் பக்கத்து அனுபவம் பயன்படும் என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறேன்.

இந்தக் கடல் பன்னெடுங்காலமாக முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்றது. முத்துச் சிப்பி படிந்த பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், ஒவ்வொன்றுக்கும் மீனவர்களிடம் தனிப் பெயர் உண்டு. இந்தியப் பக்கத்தில் கடைசியாகப் பெருமளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில்; அதன் பிறகு சிப்பிப் படுகைகள் மீளவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1920களிலேயே சென்னை மாகாண மீன்துறையும் சென்னை அருங்காட்சியகமும் குருசடைத் தீவின் உயிரினங்களை ஆராயத் தொடங்கியிருந்தன. ஆக, இது அரிய இடம் என்பதை ஆட்சியாளர்கள் 1986இல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அறிந்திருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் அதை வெட்டி எடுக்க விட்டுவைத்தார்கள் என்பதே எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

வெட்டி எடுத்தது பவளப்பாறையை. கீழக்கரையிலும் இராமேசுவரத்திலும் பழைய வீடுகளின் சுவர்களில் காரை உதிர்ந்த இடங்களைக் கூர்ந்து பார்த்தால், பூப்பூவாக வரியோடிய பவளக் கற்களைக் காணலாம். பின்னாளில் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கல் தேவைப்பட்டபோது, கடப்பாரையால் பாறையைப் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவருவது கூலி வேலையாகவே ஆனது. மீன் கிடைக்காத மாதங்களில் அந்தக் கூலிதான் பல வீடுகளில் உலை ஏற்றியது என்று முதியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தீவைச் சுற்றியிருந்த பாறை போனதும் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமற்போயிற்று, மணல் கரைந்தது. தூத்துக்குடிக் குழுவின் விலாங்குச்சல்லியும் கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. அரசாணை 21 தீவுகளைச் சொல்கிறது. நீருக்கு மேல் தெரிபவை 19 மட்டுமே.

1986 அறிவிப்புக்குப் பின்னும் கல் எடுப்பது உடனே நிற்கவில்லை. 1989இல் இந்தத் தேசியப் பூங்காவை நடுப்பகுதியாகக் கொண்டு 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்களும், கடல் தரையில் ஊரும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2000ஆம் ஆண்டளவில் உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை உருவாகி, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் ஊர்தோறும் குழுக்கள் அமைக்கப்பட்டன. இவை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் கடப்பாரைகளை முற்றிலும் கீழே வைக்கச் செய்தது 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலை என்றே நான் கருதுகிறேன். நாகப்பட்டினம் பட்ட பாட்டை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். தங்கள் கரை பெரும்பாலும் தப்பியதையும் பார்த்தார்கள். இலங்கைத் தீவின் மறைப்பும் அதற்கு முக்கியக் காரணம் என்றாலும், தீவுகளும் பாறைகளும் தங்களைக் காத்தன என்ற பேச்சு ஊர்களில் தானாகவே எழுந்தது. நாங்கள் ஆண்டுக்கணக்கில் துண்டறிக்கை கொடுத்துச் சொல்லிவந்ததை அந்தப் பேச்சு சில வாரங்களில் நிலைநாட்டிவிட்டது. அந்த நேரத்தில் கூட்டங்களில் நாங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களையே பேச வைத்தோம். களப்பணிக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஊர் ஒரு செய்தியைத் தானாகப் பேசத் தொடங்கும்போது அதன் குறுக்கே உங்கள் உரையைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பாம்பன் சின்னப்பாலத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பல தலைமுறைகளாகப் பெண்கள் தீவுகளை ஒட்டிய பாறைகளில் முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் எடுக்கிறார்கள். விடியும் முன்னரே வள்ளம் ஏறிச் சென்று, சேலையின் மேல் ஆண்களின் சட்டை ஒன்றை அணிந்து, கண்ணுக்குக் கண்ணாடி கட்டி, பாறையின் கூர்மை கிழிக்காதிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார்கள். அந்தப் பாசியிலிருந்துதான் அகர், அல்ஜினேட் போன்ற கூழாக்கும் பொருள்கள் உருவாகி உணவுத் தொழிலுக்கும் மருந்துத் தொழிலுக்கும் போகின்றன. தேசியப் பூங்கா என்று ஆனதும் அந்தப் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். காவல் இறுகிய பிறகு வள்ளங்கள் பிடிபட்டன, அபராதம் விதிக்கப்பட்டது, எடுத்த பாசி பறிபோனது. கணவன் கடலில் இறந்துபோன வீடுகளிலும், குடியில் வருமானம் கரையும் வீடுகளிலும் அந்தப் பாசிக் காசுதான் பிள்ளைகளின் படிப்புச் செலவு என்பதைப் பறிமுதல் செய்தவர்கள் அறிந்திருக்க வழியில்லை. அப்படிப்பட்ட ஒரு விவரத்தைக் கேட்டு எழுதும் பத்தி எந்தப் படிவத்திலும் இருக்கவில்லை.

தீர்வு வெளியிலிருந்து வரவில்லை. அந்தப் பெண்கள் தாங்களாகவே கூடி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, சுரண்டியும் இரும்புக் கருவியும் இன்றிக் கையால் மட்டும் பறிப்பது, வேர் பிடித்த அடிப்பகுதியைப் பாறையிலேயே விட்டுவிடுவது, மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி 45 நாள் முழு ஓய்வு விடுவது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களை ஒருங்கிணைத்த சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015ஆம் ஆண்டில் தீவுப் பாதுகாப்புக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது. ஓய்வு விட்ட பாறையில் பாசி எவ்வளவு தழைத்து வருகிறது என்பதை எவரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. "புள்ளைத்தாச்சியா இருக்கறப்ப அது மேல கை வைக்கலாமா தம்பி?" என்று ஒரு மூத்த அம்மா என்னிடம் கேட்டார். ஆய்வாளர்கள் இனப்பெருக்கப் பருவம் என்று எழுதுவதைத்தான் அவரும் சொன்னார்.

இந்தக் குழுக்களோடு வேலை செய்வதற்கான நடைமுறைகள் சிலவற்றை அனுபவம் கற்றுத்தந்தது. முதல் கூட்டத்துக்குச் சீருடை அணிந்தவர்களை உடன் அழைத்துச் செல்லலாகாது. அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், அபராதம் கட்டிய நினைவு முன்னால் வந்து நிற்கும், யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள். ஊர்த் தலைவரையும் சங்கத்தையும் முறைப்படி பார்த்துவிட்டு, பெண்களின் கூட்டத்தைத் தனியாக, அவர்கள் பாசியை உலர்த்தி முடித்துச் சமையலுக்குப் போகும் முன்னுள்ள பொழுதில் நடத்த வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் அவர்கள் கடலுக்குப் போவார்கள் என்பதால், நாள்காட்டியில் தேதி குறிக்கும்போது பிறையையும் பார்த்துக் குறிக்க வேண்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிப்பாக இருக்கும். பலர் வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் தொழிலுக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் தென்கடல் ஊர் ஒன்றில் கணக்கெடுத்து, "இங்கே மீன்பிடிப்பவர் குறைவு" என்று எழுதப்பட்ட அறிக்கையைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதப்பட்ட எண்களே பின்னர் யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்பதைத் தீர்மானிக்கின்றன.

கடனைப் பற்றியும் கேட்டாக வேண்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம், பிடித்த மீனையும் எடுத்த பாசியையும் அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கக் கட்டுப்பட்டது. அந்த முன்பணம் அடைபடாதவரை "குறைவாக எடுங்கள்" என்ற அறிவுரைக்கு எந்தப் பொருளும் இல்லை. விலை குறைந்தால் அதிகமாக எடுத்தால்தான் வட்டி கட்ட முடியும். கோழி வளர்ப்பு, தையல், ஊறுகாய் என்று மாற்றுத் தொழில்களைப் பட்டியலிட்டு வந்த திட்டங்கள் பலவும் முதல் ஆண்டைத் தாண்டவில்லை. குழுச் சேமிப்பிலிருந்து குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்து முன்பணத்தை அடைத்த வீடுகளிலோ, எந்தத் தொழிலும் மாறாமலேயே கடல்மேல் இருந்த நெருக்கடி தளர்ந்தது. மாற்றுத் தொழிலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பழைய கடனைத் தீர்க்க ஒதுக்குங்கள் என்று நான் எந்தக் கூட்டத்திலும் வலியுறுத்துவேன்.

மாற்றுத் தொழில் என்று வந்ததே கேடாக முடிந்ததும் உண்டு. கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை 2000களின் தொடக்கத்தில் மண்டபம் பகுதியில் மிதவைகளிலும் கயிறுகளிலும் வளர்க்கத் தொடங்கினார்கள். வளர்த்த குடும்பங்களுக்கு நல்ல வருமானம் வந்தது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசியின் ஒரு துணுக்கு பிய்ந்து போனாலும் அது போய்ச் சேரும் இடத்தில் புதிதாகத் தழைக்கும். சில ஆண்டுகளிலேயே குருசடைத் தீவின் பவளங்களின் மேல் அது கம்பளம்போல் படர்ந்து, வெளிச்சத்தை மறைத்து, அடியிலிருந்த பவளத்தைக் கொன்றது. பின்னர் வேறு தீவுகளுக்கும் பரவியது. வனத்துறையினரும் உள்ளூர் மக்களும் கையால் பிய்த்து அகற்றிக்கொண்டே இருக்கிறார்கள். துணுக்கு சிந்தாமல் சாக்கில் அள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து உலர்த்தினால்தான் அந்த வேலைக்குப் பயன் உண்டு. இப்போது பாசி வளர்ப்புக்கு மீண்டும் ஊக்கம் கிடைத்து, வளமாவூரில் பாசிப் பூங்கா எழுகிறது. இக்கடலுக்கே உரிய கஞ்சிப் பாசியையும் மரிக்கொழுந்தையும் வளர்ப்பதற்கான நுட்பங்களுக்கு அந்த முதலீட்டில் முதலிடம் கொடுக்க வேண்டும் என்று பாசிப் பெண்களே கேட்கிறார்கள். நானும் அதையே கேட்கிறேன்.

சட்டத்தின் கை யார்மேல் விழுகிறது என்பதும் என்னை நெடுங்காலமாக உறுத்துகிறது. 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது; இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்கும் தடை இருக்கிறது. ஆயினும் அத்துமீறி வரும் விசைப்படகின், பாறையின் மேலேயே உருண்டு போகும் ரோலர் மடி வலை ஓர் இரவில் அழிப்பதைக் கையால் பாசி எடுக்கும் நூறு பெண்கள் ஓர் ஆண்டிலும் அழிக்க முடியாது. விரைவுப் படகில் காவல் சுற்றுபவர்கள் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதை ஊர்க் குழுவிடம் கேட்டு முடிவுசெய்த காலங்களில் இத்தகைய அத்துமீறல் கண்கூடாகக் குறைந்தது. கடல் அட்டையின் நிலையும் சிந்திக்கத் தக்கது. இங்கே அதைத் தொட்டாலே குற்றம். கண்ணுக்கெட்டும் தொலைவிலுள்ள இலங்கையின் வடகரையில் உரிமம் பெற்றுப் பண்ணையில் வளர்க்கிறார்கள். இயற்கையில் பிடிப்பதைத் தடுப்பது சரியே. ஆனால் வளர்ப்பதற்கான வழியை ஆராயாமல் தடையை மட்டும் வைத்திருந்ததால் கடத்தல்காரர்கள்தான் கொழுத்தார்கள், சிறைக்குப் போனவர்களில் பலர் கூலிக்கு முங்கியவர்கள்.

பாறைகளுக்கு இன்று வரும் பெரிய ஆபத்து கடப்பாரையிலிருந்து வரவில்லை. சித்திரை, வைகாசியில் கடல்நீர் 30 பாகை செல்சியசைத் தாண்டும்போது, பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது, பவளம் வெளுக்கிறது. சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும், இல்லையேல் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளுப்பு நேர்ந்தது. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குச் சரிந்ததாகத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பு காட்டியது. வெளுத்த பாறையின் மேல் படகில் சென்று குனிந்து பார்த்திருக்கிறேன். முதற்பார்வைக்கு அழகாகவே தெரியும். உடன் வந்த மாணவர்கள் வியந்து படம் எடுத்தபோது அது நோய் என்று சொல்ல வேண்டியிருந்தது. இங்குள்ள 117 வகைக் கல் பவளங்களில் மான்கொம்பு போலக் கிளைத்தவையே முதலில் மடிகின்றன. உருண்டையாகத் திரண்டவை ஓரளவு தாங்குகின்றன. அந்த நிறுவனத்தினர் 2002 முதல் உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டி நட்டு வளர்த்து வருகிறார்கள். 1986இல் 16 எக்டேராக இருந்து 2 எக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்ட வான் தீவைச் சுற்றி, சென்னை ஐஐடியின் வடிவமைப்பு உதவியோடு 2015இலிருந்து துளையிட்ட கான்கிரீட் கட்டுமானங்களை இறக்கியதும் அரிப்பு தணிந்து மணல் சேரத் தொடங்கியது. இந்த வேலைகள் என் நெஞ்சுக்கு மிகவும் நெருக்கமானவை. எனினும் நட்டு வளர்ப்பதைவிட, இருக்கும் பாறையின் மேல் நங்கூரம் விழாமல் தடுப்பது மலிவு என்பதை ஒவ்வொரு படகோட்டியிடமும் சொல்கிறேன். மணல் தெரியும் இடம் பார்த்து நங்கூரம் இட வேண்டும்; நீர் கலங்கித் தரை தெரியாவிட்டால் படகை நிறுத்தவே கூடாது.

பார்க்க வருபவர்களுக்கும் சில செய்திகள் உண்டு. தீவுகளில் வனத்துறையின் அனுமதியின்றி இறங்க முடியாது. அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் கண்ணாடித்தளப் படகில் சென்றால் கடற்புல்லையும் பவளத்தையும் காணலாம். நீங்கள் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த ஊருக்கே போகிறது. பாக் விரிகுடாப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டினூடே படகுப் பயணம் உண்டு. தை முதல் பங்குனி வரை நீர் தெளிவாக இருக்கும். கச்சான் காலத்தில் வந்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று படகோட்டியைக் கடிந்துகொள்வது முறையன்று. இராமேசுவரத்துக் கடைகளில் பவளத் துண்டோ கடல் விசிறியோ விற்றால் வாங்காதீர்கள். அதை வைத்திருப்பதே குற்றம். பிள்ளைகள் கரையில் ஒதுங்கிய பவளக் கல்லை எடுத்தால், பார்த்துவிட்டு அங்கேயே போடச் சொல்லுங்கள்.

கடற்பசுவைப் பற்றிச் சொல்ல வேண்டியது மிகவும் அவசரமானது. எங்கள் பக்கம் ஆவுளியா என்று வழங்கும் இந்த விலங்கு நாளொன்றுக்கு 40 கிலோ வரை கடற்புல் மேய்வது. 13, 14 மாதம் சுமந்து ஒரே குட்டி ஈனுவது. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். முன்பு அதன் இறைச்சிக்காகவே பிடித்தார்கள். இப்போது பெரும்பாலும் வலையில் தற்செயலாகச் சிக்கியே இறக்கிறது. மீனைப்போல் நீருக்குள்ளேயே மூச்சுவிட முடியாத உயிர் அது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். ஆகவே வலையில் கனமாக ஏதேனும் முட்டினால், இழுத்துப் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே வலையை உயர்த்தி அதன் மூக்கை நீருக்கு மேல் கொண்டுவர வேண்டும். படகில் ஏற்றக் கூடாது. நீருக்கு வெளியே அதன் உடற்பாரமே அதன் நுரையீரலை அழுத்தும். வாலைக் கயிற்றால் கட்டி இழுக்கவும் கூடாது. தலையையும் துடுப்புகளையும் சுற்றிய கண்ணிகளை முதலில் அறுத்து, பிறகு உடலை விடுவிக்க வேண்டும். அருகே குட்டி இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசுத் தொகையும் சான்றிதழும் வழங்கிவருகிறது. அதற்குச் சான்றாகக் கைபேசியில் காணொளி எடுத்து, இடமும் நேரமும் குறித்து, கரை சேர்ந்த அன்றே வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். விடுவிக்கும் வேலையை ஒருவரும் காணொளி எடுப்பதை இன்னொருவரும் என்று படகு புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.